தொழிற்சாலைப் புகையைத் திரவத்தால் கழுவும் வெட் ஸ்க்ரப்பர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெட் ஸ்க்ரப்பர் என்ன வேலை செய்கிறது?

ஆலையிலிருந்து வெளியேறும் அழுக்குக் காற்றை ஒரு திரவத்தோடு நெருங்கிக் கலக்கவிட்டு, காற்றிலுள்ள தூசியையோ நச்சு வாயுவையோ அந்தத் திரவத்துக்குள் கொண்டுவருகிறது. பிறகு காற்று மேலே புகைபோக்கிக்குப் போகும், திரவம் கீழே தொட்டிக்கு வரும். அந்தத் திரவம் வெறும் நீராக இருக்கலாம். காஸ்டிக் சோடா, சுண்ணாம்பு, அமிலம் என்று ஏதாவது கலந்த நீராகவும் இருக்கலாம்.

அழுக்கு இடம் மாறியதே தவிர இல்லாமல் போகவில்லை. முன்பு காற்றில் இருந்தது, இப்போது தொட்டியில் இருக்கிறது. கோபுரத்தை வாங்குவதில் காட்டும் அக்கறையைப் பலர் தொட்டியில் காட்டுவதில்லை. கீழே உள்ள பதில்களில் தொட்டியும் பம்பும் அடிக்கடி தலைகாட்டுவது அதனால்தான்.

இது புதிய தொழில்நுட்பமா?

மிகப் பழையது. 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் லெப்லாங்க் முறையில் சோடா தயாரித்த ஆலைகள் ஹைட்ரஜன் குளோரைடு வாயுவை அப்படியே வானத்தில் விட்டன. சுற்றுவட்டாரத்தில் மரங்களும் பயிர்களும் கருகின. 1836இல் வில்லியம் காசேஜ் என்ற உற்பத்தியாளர், சுள்ளிகள் நிரப்பிய கோபுரம் ஒன்றில் மேலிருந்து நீரை வழியவிட்டு அந்த வாயுவைக் கரைத்தார். துண்டுகள் நிரப்பிய கோபுரமான இன்றைய பேக்டு டவருக்கு அதுதான் முன்னோடி. 1863இல் வந்த ஆல்கலி சட்டம், இந்த வாயுவில் குறைந்தது 95 சதவீதத்தைப் பிடித்தாக வேண்டும் என்றது. பிடித்தார்கள். கிடைத்த அமிலத்தை ஆற்றில் விட்டவர்களும் உண்டு!

1930களில் லண்டன் பேட்டர்சீ மின்நிலையம் தேம்ஸ் ஆற்று நீரைக் கொண்டு நிலக்கரிப் புகையைக் கழுவி சல்ஃபர் டை ஆக்சைடை எடுத்தது. கழுவும் நீர் மறுபடி தேம்ஸுக்கே போனது. கழுவியதில் குளிர்ந்துபோன புகையோ உயரே எழாமல் தாழ்ந்து பரவியது. கழுவிய புகையைச் சில ஆலைகள் இன்றும் மறுபடி சூடாக்கிப் புகைபோக்கிக்கு அனுப்புவது இதே சிக்கலுக்காகத்தான்.

தூசி, வாயு இரண்டையும் ஒரே கருவி பிடிக்குமா?

ஓரளவுக்குப் பிடிக்கும். ஆனால் இரண்டும் பிடிபடும் விதம் வேறு.

தூசி பிடிபட, துகள் நீர்த்துளியில் மோதி ஒட்ட வேண்டும். காற்று ஒரு துளியைச் சுற்றி வளைந்து போகிறது. கனமான துகளால் அப்படி வளைய முடியாது, நேரே போய் மோதிவிடும். 5 மைக்ரானுக்கு (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேற்பட்ட தூசியை எளிய ஸ்க்ரப்பரே நன்றாகப் பிடிப்பது இதனால்தான். 1 மைக்ரானுக்குக் கீழே போனால் துகள் காற்றோடு சேர்ந்து வளைந்து தப்பிக்கும். அதை மோதவைக்க வேண்டுமானால் காற்றுக்கும் துளிக்கும் இடையே பெரிய வேக வித்தியாசம் வேண்டும். மிக மிக நுண்ணிய துகள்கள் தங்கள் தாறுமாறான அசைவாலேயே துளியில் போய் விழும். நடுவில் சிக்கிய கூட்டம்தான், ஏறத்தாழ 0.1 முதல் 0.5 மைக்ரான் வரை உள்ளது, பெரிய தொல்லை.

வாயு கரைய வேண்டும். அதற்குப் பரந்த ஈரப்பரப்பும் போதிய நேரமும் தேவை. தூசிக்கு முரட்டு மோதல் வேண்டும், வாயுவுக்கு நிதானம் வேண்டும். இரண்டும் கலந்து வரும் புகைக்கு முதலில் ஒரு வென்சுரி (குறுகிய கழுத்து வழியாகக் காற்றை வேகமாகப் பாய்ச்சும் கருவி), அடுத்து ஒரு பேக்டு டவர் என்று இரண்டு கட்டமாகப் போடுவதே நல்லது. ஒரே கருவி இரண்டையும் 99 சதவீதம் பிடிக்கும் என்று யாராவது விற்க வந்தால், துகள் அளவு என்ன என்று கேட்டுப் பாருங்கள்.

வெறும் தண்ணீர் போதாதா? எந்த வாயுவுக்கு எந்தத் திரவம்?

ஹைட்ரஜன் குளோரைடு, ஹைட்ரஜன் ஃபுளோரைடு, அம்மோனியா மூன்றும் நீரில் மிக எளிதாகக் கரையும். ஆனால் ஒரே நீரையே சுற்றிவிட்டுக்கொண்டிருந்தால் கரைந்தது சேர்ந்துகொண்டே போகும். ஒரு கட்டத்தில், சோடா பாட்டிலைத் திறந்ததும் பொங்குவதுபோல, கரைந்த வாயு திரும்பிக் காற்றுக்கே வரப் பார்க்கும். அதைத் தடுக்கத்தான் ரசாயனம். கரைந்த வாயுவை உப்பாக மாற்றிவிட்டால் அது திரும்பி வராது.

அமில வாயுக்களுக்குக் காரம். 36.5 கிலோ ஹைட்ரஜன் குளோரைடை நடுநிலையாக்க 40 கிலோ காஸ்டிக் சோடா செலவாகும். 64 கிலோ சல்ஃபர் டை ஆக்சைடை முழுதாக சோடியம் சல்ஃபைட்டாக மாற்ற 80 கிலோ வேண்டும். மின்நிலையம் போல் டன் கணக்கில் சல்ஃபர் வரும் இடத்தில் காஸ்டிக் கட்டுப்படியாகாது, அதனால் சுண்ணாம்புக்கல் குழம்பு. 64 கிலோ சல்ஃபர் டை ஆக்சைடுக்கு 100 கிலோ சுண்ணாம்புக்கல் கரைந்து, காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர்ந்து 172 கிலோ ஜிப்சம் தரும். சுத்தமாக வந்தால் அது கட்டடப் பலகை செய்யவும் சிமென்ட் ஆலைக்கும் போகும்.

அம்மோனியாவுக்கு நீர்த்த கந்தக அமிலம். கிடைப்பது அம்மோனியம் சல்ஃபேட், அதாவது உரம். குளோரினுக்குக் காஸ்டிக், கிடைப்பது சோடியம் ஹைப்போகுளோரைட். ஹைட்ரஜன் சல்ஃபைடு போன்ற நாற்ற வாயுக்களுக்குக் காஸ்டிக்கோடு ஹைப்போகுளோரைட்டும் சேர்ப்பார்கள்.

கழுவ முடியாதவையும் இருக்கின்றன. கார்பன் மோனாக்சைடு நீரில் கரைவதே இல்லை என்று சொல்லலாம். எரிப்பில் வரும் நைட்ரஜன் ஆக்சைடுகளில் பெரும்பகுதி நைட்ரிக் ஆக்சைடு, அதுவும் கரையாது. முதலில் ஓசோன் போன்ற ஒன்றால் ஆக்சிஜனேற்றம் செய்தால்தான் பிடிபடும். டொலுயீன், சைலீன் போன்ற கரைப்பான் ஆவிகளுக்கு நீர் ஸ்க்ரப்பர் போடுவது பணவிரயம். அங்கே கரி அல்லது எரிப்பான்தான் சரி.

காஸ்டிக்கை அதிகம் போட்டால் அதிகம் பிடிக்குமா?

பாய்லர், எரியுலைப் புகையில் இதை முயன்று பார்த்தவர்களுக்குத் தெரியும், காஸ்டிக் டிரம்கள்தான் காலியாகும். அந்தப் புகையில் 10 சதவீதம், அதற்கு மேலும்கூட கார்பன் டை ஆக்சைடு இருக்கும். பிஎச் (அமில, காரத் தன்மையின் அளவு; 7 என்றால் நடுநிலை) 9ஐத் தாண்டி ஏற ஏற, காரம் சல்ஃபரோடு நில்லாமல் கார்பன் டை ஆக்சைடையும் பிடிக்கப் போய்விடும். நீரில் கால்சியம் இருந்தால் அதே கார்பனேட் சுண்ணாம்புப் படிவாக, திரவம் தெளிக்கும் நாசிலையும் கோபுரத்தில் நிரப்பிய துண்டுகளான பேக்கிங்கையும் அடைக்கும். இப்படிப்பட்ட புகைக்குப் பெரும்பாலும் பிஎச் 7க்கும் 8.5க்கும் நடுவே வைத்தால் போதும். சுண்ணாம்புக்கல் குழம்பில் இன்னும் கீழே, 5 முதல் 6 வரை; அதற்கு மேல் போனால் கல் கரைய மறுக்கும்.

எல்லாம் பிஎச் மீட்டரை நம்பித்தான் நடக்கிறது. அந்த மின்முனையில் படிவு ஏறினால் மீட்டர் பொய் சொல்லும், பம்பு அந்தப் பொய்க்கேற்ப ரசாயனம் கொட்டும். வாரம் ஒருமுறையாவது கழற்றிச் சுத்தம் செய்து சரிபாருங்கள்.

என்னென்ன வகைகள் இருக்கின்றன?

ஸ்ப்ரே டவர் மிக எளியது: காலிக் கோபுரம், மேலே நாசில்கள். எளிதில் அடைபடாது. அழுத்த இழப்பு, அதாவது கருவியைக் கடக்கும்போது காற்று இழக்கும் அழுத்தம், சில பத்து மில்லிமீட்டர் நீர்மட்டம்தான் (அந்த உயர நீர் தரும் அழுத்தம்). ஆனால் நுண்தூசியை விட்டுவிடும். பெரிய மின்நிலையங்களில் சல்ஃபரை எடுப்பது பெரும்பாலும் இந்த வகைதான்.

பேக்டு டவரில் வளையமாகவோ சேணமாகவோ செய்த பிளாஸ்டிக் அல்லது பீங்கான் துண்டுகளை நிரப்பியிருப்பார்கள். அவற்றின் மேல் திரவம் மெல்லிய படலமாக வழியும், காற்று கீழிருந்து ஏறும். கரையும் வாயுவுக்கு இதைவிடச் சிறந்தது இல்லை. தூசி வந்தால் அடைத்துக்கொள்ளும். இதில் கவனிக்க வேண்டியது திரவம் பரவும் விதம். மேலே உள்ள பகிர்வுத் தட்டு கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் திரவம் ஒரு பக்கமாக வழியும், மறுபக்கம் பேக்கிங் காய்ந்து கிடக்கும். காற்று அந்தக் காய்ந்த வழியாகக் கழுவப்படாமலே போய்விடும். பெரிய கோபுரத்தில் திரவம் சுவரை நோக்கி ஒதுங்கும் என்பதால் சில மீட்டருக்கு ஒருமுறை மறுபகிர்வுத் தட்டும் வைக்க வேண்டும்.

வென்சுரியில் குறுகிய கழுத்து வழியாகக் காற்று நொடிக்கு 60 முதல் 120 மீட்டர் வேகத்தில் பாயும். அங்கே விடும் நீர் நுண்துளிகளாகச் சிதறும். நுண்தூசிக்கு இதுதான். விலையை மின்கட்டணத்தில் கொடுக்க வேண்டும்.

மின்செலவு எவ்வளவு ஆகும்?

ஒரு எளிய கணக்கு. நொடிக்கு 10 கனமீட்டர், அதாவது மணிக்கு 36,000 கனமீட்டர் காற்று. அழுத்த இழப்பு 100 மி.மீ. நீர்மட்டம் என்றால், ஃபேன் திறன் 60 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், சுமார் 16 கிலோவாட். அதே காற்றை 1,000 மி.மீ. இழப்புள்ள வென்சுரியில் இழுக்க சுமார் 163 கிலோவாட். வருடம் முழுக்க ஓடும் ஆலையில் இந்த வித்தியாசம் கருவியின் விலையையே விழுங்கிவிடும். துகள் அளவை ஆய்வகத்தில் பார்க்காமல் வென்சுரி வாங்காதீர்கள்.

பேக் ஃபில்டர் இருக்கும்போது ஸ்க்ரப்பர் எதற்கு?

காய்ந்த தூசி மட்டும் என்றால், துணிப்பைகளால் காற்றை வடிகட்டும் பேக் ஃபில்டரே மேல். மின்சாரம் குறைவு, கழிவுநீர் இல்லை, நுண்தூசியும் பிடிபடும். ஒட்டும் தன்மையுள்ள தூசி, ஈரமான புகை, தீப்பொறி, கூடவே அமில வாயு என்று வரும்போது துணிப்பை தாங்காது, அப்போது ஸ்க்ரப்பர். வெடிக்கக்கூடிய தூசிக்கும் நீர் நல்லதுதான், ஒரு எச்சரிக்கையோடு: அலுமினியம், மெக்னீசியம் தூசி நீரோடு வினைபுரிந்து ஹைட்ரஜன் வாயுவை விடும். கருவி நின்றிருக்கும் நேரத்தில் அது உள்ளேயே சேராமல் வெளியேற வழி இருந்தாக வேண்டும்.

புகைபோக்கியில் வெள்ளையாக வருகிறதே, ஸ்க்ரப்பர் வேலை செய்யவில்லையா?

பெரும்பாலும் அது நீராவி. ஈரம் நிறைந்து 50 டிகிரி சொச்சத்தில் வெளிவரும் காற்று, குளிர்ந்த வெளிக்காற்றில் கலந்ததும் பனிமூட்டமாகிறது. புகை எங்கே முடிகிறது என்று பாருங்கள். நீராவி என்றால் கொஞ்ச தூரத்தில் சட்டென்று கரைந்து, பின்னால் தெளிவான வானம் தெரியும். வெண்மை கரைந்த பிறகும் மங்கலான வால் ஒன்று நீண்டால் அது தூசி அல்லது நுண்உப்பு. நீலச் சாயலோடு நீண்டால் கந்தக அமில மூட்டமாக இருக்கலாம். சூடான புகையைத் திடீரென்று குளிரவைக்கும்போது சல்ஃபர் ட்ரை ஆக்சைடு இந்த நுண்மூட்டமாக மாறி, சாதாரண ஸ்க்ரப்பரைச் சுலபமாகத் தாண்டிவிடும். அதற்கு ஈர மின்னியல் வீழ்படிவியோ இழைப்படுகை வடிகட்டியோ வேண்டும்.

பக்கத்தில் நிற்கும் வாகனங்கள் மேல் வெள்ளைப் புள்ளிகள் விழுந்தால் அது வேறு கதை. திரவத் துளிகளே காற்றோடு வெளியேறுகின்றன. மேலே துளிகளைத் தடுக்கும் மிஸ்ட் எலிமினேட்டர் அடைத்திருக்கும், இல்லை இடம் பெயர்ந்திருக்கும். அந்தத் துளிகளில் உப்பு இருக்கும், அது காய்ந்தால் தூசி அளவீட்டிலும் சேரும்.

எவ்வளவு தண்ணீர் குடிக்கும்? கழிவுநீரை என்ன செய்வது?

இரண்டு வழியில் நீர் போகும். ஒன்று ஆவியாதல்: மணிக்கு 36,000 கனமீட்டர் (சாதாரண நிலையில்) புகையை 150 டிகிரியிலிருந்து 55க்குக் கொண்டுவர ஏறத்தாழ 1.8 டன் நீர் ஆவியாகும், ஒரு மணி நேரத்தில். இதைத் தவிர்க்க முடியாது. மற்றொன்று ப்ளோடவுன்: உப்பும் சேறும் அளவுக்கு மேல் சேராமலிருக்க, சுற்றும் நீரில் ஒரு பங்கை வெளியேற்றிவிட்டுப் புதுநீர் சேர்ப்பது.

நீரை மிச்சம் பிடிக்கிறேன் என்று ப்ளோடவுனை மூடிவிடுவது பரவலான பழக்கம். சில வாரங்களில் திரவம் கெட்டியாகி, நாசில் அடைத்து, பம்பு தேய்ந்து, கடைசியில் எல்லாவற்றையும் கழற்றிக் கழுவ ஆகும் நீர் மிச்சம் பிடித்ததைத் தாண்டிவிடும். வெளியேற்றிய நீர் நேராக வடிகாலுக்குப் போகக்கூடாது. நடுநிலையாக்கி, உலோகங்களைப் படியவைத்து, சேற்றைப் பிழிந்து எடுக்க வேண்டும். கரைந்த சோடியம் உப்பை எடுக்க மலிவான வழி இல்லை. ஸ்க்ரப்பருக்கு மதிப்பீடு போடும்போது இந்தச் செலவு தனிப் பக்கமாக இருக்க வேண்டும்.

கப்பல்களில் இந்தச் சண்டை வெளிப்படையாகவே நடக்கிறது. 2020 ஜனவரி 1 முதல் கப்பல் எரிபொருளில் சல்ஃபர் வரம்பு 3.5 சதவீதத்திலிருந்து 0.5 சதவீதமாகக் குறைந்தது. பல கப்பல்கள் பழைய மலிவு எண்ணெயையே எரித்து, புகையைக் கடல்நீரால் கழுவி, அந்த நீரைக் கடலிலேயே விடும் வழியை எடுத்தன. சிங்கப்பூர் உட்படப் பல துறைமுகங்கள் தங்கள் எல்லைக்குள் அதற்குத் தடை போட்டன.

முன்பு நன்றாக ஓடியது, இப்போது பிடிப்பு குறைந்துவிட்டது. எங்கே பார்ப்பது?

முதலில் அழுத்த இழப்பைப் பாருங்கள். இரண்டு துளையில் மாட்டிய சாதாரண யூ குழாய் மானோமீட்டர் (அழுத்தமானி) போதும். கருவி புதிதாக இருந்தபோது எவ்வளவு காட்டியது என்று எழுதி வைத்திருந்தால் பாதி வேலை முடிந்தது. இப்போது ஏறியிருந்தால் அடைப்பு, இல்லையென்றால் திரவம் கீழே இறங்க முடியாமல் தேங்குகிறது. இறங்கியிருந்தால் திரவம் குறைவு, அல்லது காற்று ஓட்டமே குறைந்துவிட்டது, அல்லது பேக்கிங் சரிந்து வழி விட்டிருக்கிறது.

அடுத்து பம்பு. மோட்டார் ஓடுகிறது என்பதற்காக நீர் போகிறது என்று அர்த்தமில்லை. பம்புக்குள் சுழலும் இம்பெல்லர் தேய்ந்திருக்கலாம், உறிஞ்சும் வடிகட்டி அடைத்திருக்கலாம். ஓட்டமானியும் நாசிலுக்கு முந்தைய அழுத்தமும் சேர்ந்துதான் உண்மையைச் சொல்லும். ஓட்டம் குறைந்து அழுத்தம் ஏறியிருந்தால் நாசில் அடைப்பு; அழுத்தம் விழுந்து ஓட்டம் கூடியிருந்தால் நாசில் தேய்வு அல்லது உடைப்பு.

அப்புறம் யாரும் பார்க்காத ஒன்று, வடிகால் குழாயின் நீர்ப்பூட்டு, அதாவது வெளிக்காற்று உள்ளே வராமல் தடுக்கக் குழாயில் தேக்கி வைக்கும் நீர். ஃபேன் ஸ்க்ரப்பருக்குப் பிறகு இருந்தால் உள்ளே எதிர்மறை அழுத்தம். 250 மி.மீ. உறிஞ்சலுக்கு 150 மி.மீ. ஆழப் பூட்டு வைத்தால், நீர் இறங்காமல் வடிகால் வழியாக வெளிக்காற்று உள்ளே வரும். தொட்டிக்குப் போக வேண்டிய திரவம் கோபுரத்துக்குள்ளேயே தேங்கும்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் பிடிப்பு குறைந்தால், ஸ்க்ரப்பரை விட்டுவிட்டு உற்பத்திப் பக்கம் போய்ப் பாருங்கள். மூலப்பொருளோ எரிபொருளோ மாறியிருக்கும்.

எந்தப் பொருளில் கட்டுவது?

குளோரைடு இருந்தால் சாதாரண ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வேண்டாம். புள்ளி புள்ளியாக ஓட்டை விழும். பாலிப்ரொப்பிலீன், எஃப்ஆர்பி (இழை வலுவூட்டிய பிளாஸ்டிக்), ரப்பர் பூசிய எஃகு ஆகியவை வழக்கம். ஹைட்ரஜன் ஃபுளோரைடு கண்ணாடியை அரிக்கும் என்பதால் எஃப்ஆர்பியின் உள்பூச்சில் கண்ணாடி இழைக்குப் பதில் செயற்கை இழை கேளுங்கள். பிளாஸ்டிக் கருவிக்குச் சூடான புகை வருமானால், பம்பு நின்ற சில நிமிடங்களில் பேக்கிங் உருகும், தீயும் பிடிக்கலாம். அவசர நீர் இணைப்பும், வெப்பம் ஏறினால் புகையைத் தானாகத் திருப்பும் ஏற்பாடும் இல்லாமல் ஓட்டக்கூடாது.

பாதுகாப்பில் முக்கியமாக எதைக் கவனிக்க வேண்டும்?

ஹைப்போகுளோரைட் உள்ள தொட்டியில் அமிலம் கலந்தால் குளோரின் கிளம்பும். சல்ஃபைடு சேர்ந்த காஸ்டிக் திரவத்தில் அமிலம் கலந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு கிளம்பும். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஸ்க்ரப்பர் இருந்து, இரண்டின் வடிகாலும் ஒரே குழிக்குப் போனால் இது நடக்கும். வடிகால்களைப் பிரித்தே வையுங்கள். சுத்தம் செய்ய உள்ளே இறங்குவது மூடிய இடத்துக்குள் இறங்குவதுதான்: காற்றைச் சோதித்து, வெளியே ஆள் நிறுத்தி, அனுமதிச் சீட்டோடு மட்டும்.

விபத்துக்காக வைக்கும் ஸ்க்ரப்பருக்கு இன்னொரு விதி உண்டு. 1984 டிசம்பரில் போபாலில் மெத்தில் ஐசோசயனேட் தொட்டி கொதித்தெழுந்தபோது, அந்த வாயுவைக் காஸ்டிக்கால் கழுவ ஒரு ஸ்க்ரப்பர் அங்கே இருந்தது. அது ஓட்டத்தில் இல்லை; ஓடியிருந்தாலும் அன்றைக்கு வந்த அளவையும் வேகத்தையும் தாங்கும்படி வடிவமைக்கப்பட்டதும் இல்லை. அவசர ஸ்க்ரப்பரின் அளவை அன்றாட ஓட்டத்தை வைத்துக் கணக்கிடக்கூடாது, நடக்கக்கூடிய மிக மோசமான கசிவை வைத்துத்தான் கணக்கிட வேண்டும். பம்பும் காஸ்டிக்கும் எந்த நேரமும் தயாராக இருக்க வேண்டும்.

வாங்கும்முன் விற்பவரிடம் என்ன கேட்பது?

சதவீதத்தைக் கேட்காதீர்கள், வெளியேறும் அளவைக் கேளுங்கள். கனமீட்டருக்கு 5,000 மில்லிகிராம் வந்தால் 98 சதவீதம் பிடித்தும் 100 மில்லிகிராம் வெளியே போகும். 500 வந்தால் 10தான் போகும். எந்த உள்வரவில், எந்தக் காற்றோட்டத்தில், எந்த வெப்பநிலையில் இந்த உத்தரவாதம் என்று எழுத்தில் வாங்குங்கள். அதற்கு முதலில் உங்கள் புகையை நீங்கள் அளந்திருக்க வேண்டும், அதுவும் ஆலை முழு வேகத்தில் ஓடும் நாளில்.

வரைபடத்தில் பேக்கிங்கை வெளியே எடுக்கக் கதவு இருக்கிறதா, நாசிலைக் கோபுரத்துக்குள் இறங்காமலே கழற்ற முடியுமா, அழுத்தம் அளக்கத் துளைகள் எங்கே, புகைபோக்கியில் மாதிரி எடுக்க மேடை உண்டா என்று பாருங்கள். ப்ளோடவுன் குழாய் எங்கே போகிறது என்றும் பாருங்கள். பல வரைபடங்களில் அது தாளின் ஓரத்தில் ஒரு அம்புக்குறியோடு நின்றுவிடும். அந்த அம்புக்குறிக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று தெரியும்வரை கையெழுத்துப் போடாதீர்கள்.